ஜன்னலைக் கடக்கும் நேரம்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் விடுதிக் காப்பாளர் அம்மா படிக்கட்டில் மறித்துக்கொண்டார். "ராத்திரி நல்லாத்தான் தூங்கறே. அப்புறம் நட்சத்திரத்த எப்பம்மா பாக்கற?" பகலில், கணினியில் பார்க்கிறேன் என்றேன். "ஏமாத்து வேல" என்று சிரித்தார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழக்கம்போல், பத்தடி நடந்த பிறகுதான் வந்தது.

ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. நான் வானத்தை நிமிர்ந்து பார்த்து மாதக்கணக்காகிறது. விண்ணில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தொலைநோக்கி சில வருடம் ஓடி ஓய்ந்துவிட்டது. அது சேர்த்த அளவுகளிலிருந்து ஒரே ஒரு விண்மீனை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதன் ஒளி எண்களாக வரிசையில் நிற்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பள்ளம். அதைச் சுற்றும் கோள் குறுக்கே போகிறது.

அந்தக் கோளை எல்லோருக்கும் தெரியும். நான் தேடுவது அதை அல்ல. ஒரு கோள் தனியாகச் சுற்றினால் சொன்ன நேரத்துக்கு வரும். கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்தால், பக்கத்தில் இன்னொன்று அதை இழுக்கிறது என்று பொருள். அந்த இன்னொன்று நம் பார்வைக்குக் குறுக்கே வரவே வராது. அதற்கென்று ஒரு பள்ளமும் விழாது. தெரிந்த கோள் நேரம் தவறுகிறதே, அது ஒன்றுதான் தடயம்.

மாலையில் மேசையில் இருந்தபோது ஒரு லாரி சுவரை ஒட்டிப் போனது. அறை ஒரு கணம் இருண்டு வெளுத்தது. எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அப்பா பஸ்!

எங்கள் வீட்டின் முன்னறைக்கு ஒரே ஜன்னல், தெருவோ குறுகல். சைக்கிள் போனால் தெரியாது, கார் போனாலும் தெரியாது. பஸ் போனால் மட்டும் அறை இருளும். தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போடுவேன். இருட்டும், இரண்டு முறை ஹாரன் கேட்கும். அது எனக்கு. அப்பா ஓட்டிக்கொண்டு போகிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி

பக்கத்து மேசை அண்ணன் எல்லாவற்றுக்கும் "அவசரமில்ல" என்பார். அதனால் துறையில் அவர் பெயரே அவசரம். இன்று என் திரையை எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, உங்க ஆளு இன்னைக்கும் வரலியா?" என்றார். வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

வந்துவிட்டது!

கோள் சீராக வரவில்லை. கொஞ்ச காலம் முந்துகிறது, பிறகு பிந்துகிறது, மறுபடி முந்துகிறது. புள்ளிகளைச் சேர்த்தால் அழகான அலை, கையால் வரைந்ததுபோல. அவசரம் அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "மேடம்கிட்ட இப்பவே சொல்லிடு" என்றார். மேடம் என் ஆய்வு வழிகாட்டி. நான் சொன்னேன், "அவசரமில்லண்ணே." வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான நேரத்தில் வாயில் வந்த பதில்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அம்மா போனில் பேசினாள். ஊரில் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த மாதமே தெரிய வேண்டுமாம். அடுத்த மாதக் கடைசிவரை பொறுப்பதாக அம்மா அவர்களைச் சொல்ல வைத்திருக்கிறாள். "வீட்லேர்ந்து நடந்தே போயிடலாம்டி. நாலு சுவத்துக்குள்ள உக்காந்து இன்னும் எத்தன வருஷம் எண்ணிட்டிருப்ப?"

இங்கே என் உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இருக்கிறதே. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்லப்போகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சொல்லலாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

கூட்டம். படத்தைப் போட்டேன். கண்டுபிடித்ததைச் சொன்னேன். எல்லோரும் அலையைப் பார்த்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்த அல எத்தன நாளுக்கு ஒருக்கா திரும்புது?"

"ஒரு வருஷத்துக்கு மேடம்."

"யாரோட வருஷம்?"

கொஞ்ச நேரம் எனக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு புரிந்தது. அறையில் மற்றவர்களுக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டிருந்தது.

பிப்ரவரி 22, சனி

எழுதினால்தான் ஆறும்.

நம் பூமி சூரியனைச் சுற்றுகிறது. பாதி வருடம் அந்த விண்மீனுக்குக் கொஞ்சம் பக்கத்தில், பாதி வருடம் கொஞ்சம் தள்ளி. பக்கத்தில் இருக்கையில் அதன் ஒளி நம்மிடம் முன்னாலேயே வந்துவிடும். தள்ளி இருக்கையில் தாமதமாக. அதனால் எல்லா நேரத்தையும் சூரியனில் உட்கார்ந்து பார்ப்பதுபோல மாற்றி எழுதுவது வழக்கம். எனக்குக் கொடுத்த எண்களை ஏற்கெனவே அப்படி மாற்றியிருந்தார்கள். நான் இன்னொருமுறை மாற்றினேன். திருத்தியதையே திருத்தினேன். அப்படி வந்த அலைதான் அது. கோளும் இல்லை, ஒன்றுமில்லை. எங்கோ இருக்கும் ஒன்று ஆடுகிறது என்று ஊரைக் கூட்டிச் சொன்னேன், ஆடினது நான்.

எட்டு நிமிஷம்டி. அலையோட உயரம் எட்டு நிமிஷம். சூரியன்லேர்ந்து வெளிச்சம் வர்ற நேரம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். உனக்கு ஏன் தெரியல? அழகா இருந்துச்சு, அதான். அழகா இருந்தா கேள்வி கேக்க மாட்டியா?

சாப்பிடப் போகவில்லை. காப்பாளர் அம்மா தட்டை மூடி, கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

எல்லோருக்கும் முன்பே போய் உட்கார்ந்தேன். அவசரம் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் மட்டும், "மொத வருஷம் நானும் ஒண்ணு கண்டுபிடிச்சேன். எங்க கேமரா மேல உக்காந்திருந்த தூசி" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது திருத்தத்தை எடுத்துவிட்டேன். அலை போய்விட்டது. வரைபடம் அறுத்த வயல்போல மொட்டையாகக் கிடக்கிறது.

பார்த்துக்கொண்டே இருந்தபோது எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஞாபகம் வந்தது. அம்மா அதை எப்போதும் வேகமாகத்தான் வைத்திருப்பாள். பள்ளி நாட்களில் கூடுதல் வேகம். விடுமுறையில் கொஞ்சம் குறைப்பாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, முள்ளை விரலால் தள்ளுவாள். வேறு யாரும் தொடக்கூடாது. கடிகாரம் வேகம் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பள்ளி நாட்களில் அப்பாவின் பஸ் தாமதமாக வருகிறது, விடுமுறையில் சீக்கிரம் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் கேட்டே விட்டேன்: "ஏம்ப்பா ஸ்கூல் இருந்தா மட்டும் லேட்டா வர்றீங்க?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பஸ்ஸில் கோளாறு இல்லை, எங்கள் வீட்டில்தான்.

அப்போதும் இதே தப்பு. சின்ன வயதிலேயே பயிற்சி ஆரம்பித்திருக்கிறது.

ஆனால் ஒன்று. கடிகாரத்தைக் கழித்த பிறகும் சில நாள் பஸ் சொன்ன நேரத்துக்கு வராது. அது ஞாபகம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் என்று நினைக்கிறேன்.

மொட்டை வரைபடத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

அது மொட்டை இல்லை.

நிதானமாக எழுதுகிறேன். இந்தமுறை நிதானம். பூமியைக் கழித்த பிறகும் ஐந்தாறு நிமிடம் மீதி நிற்கிறது. அலை நீளமானது, ஒரு வருடமில்லை, அதைவிட மிக அதிகம். நம் யாருடைய வருடத்தோடும் பொருந்தவில்லை. அழகாகவும் இல்லை, கோணல் மாணல். அதனாலேயே கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

மேடத்திடம் தனியாகப் போய்க் காட்டினேன், கல்லூரி வேலை பற்றியும் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். "பழச வெச்சுக் கத சொல்றது யாராலயும் முடியும். இனிமே நடக்கப் போறதச் சொல்லு." கோள் குறுக்கே போகும் அடுத்தடுத்த கடப்புகளில் இருபத்தேழாம் தேதி வருவதைத் தரையிலிருக்கும் ஒரு தொலைநோக்கியால் பார்க்க முடியும், வேறொரு நாட்டில் அவருடைய பழைய நண்பர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பக்கத்தில் இன்னொரு கோள் இருந்தால், அன்றைக்கு நம் கோள் ஆறு நிமிடம் தாமதமாக வரவேண்டும் என்று என் கணக்கு சொல்கிறது. இல்லாவிட்டால் சரியான நேரத்துக்கு வரும்.

"லேட்டா வந்தா, உதவித்தொகை நீட்டிக்க நான் எழுதித் தர்றேன். சரியா வந்துட்டா அந்தக் காலேஜ் வேலைக்குப் போயிடும்மா. கோவமாச் சொல்லல."

கோபமாகச் சொல்லவில்லை என்பது தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலைக்கு ஏன் இன்னும் பதில் சொல்லவில்லை என்று அம்மா விடாமல் கேட்டாள்; வேறு வழியில்லை. அப்பாவும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

கோள், விண்மீன் என்று ஆரம்பித்தேன். அம்மா "ம்" கொட்டும் விதத்திலேயே காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அதனால் பஸ்ஸைக் கொண்டுவந்தேன். "நம்ம ஜன்னல்மா. அப்பா பஸ் போனா இருட்டும்ல? டெய்லி ஒரே நேரத்துக்கு இருட்டினா ஒண்ணுமில்ல. சில நாள் முந்தியும் சில நாள் பிந்தியும் இருட்டினா, வழியில எங்கயோ, நமக்குத் தெரியாம, ஏதோ ஒண்ணு அவர இழுக்குதுன்னு அர்த்தம். நாம வீட்டவிட்டு வெளிய போகாமலே அதக் கண்டுபிடிக்கலாம்."

கத்திச் சத்தம் நின்றது.

"வியாழக்கிழம மாதிரி" என்றாள் அம்மா.

அப்பா இருமினார்.

"போறப்ப முன்னாடியே போயிடுவாரு, ஹாரன் அடிக்க மாட்டாரு. வர்றப்ப லேட்டு. அதானேடி நீ சொல்றது? புரியுது, புரியுது." பிறகு, குழம்பு அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். இப்போதுதானே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்?

மார்ச் 10, திங்கள்

அப்பா தனியாகக் கூப்பிட்டார். வெளியே எங்கோ நின்று பேசினார். வண்டிச் சத்தம் கேட்டது. போனில் அவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசியது எனக்கு நினைவில்லை.

"கண்ணு, கடைசி ஸ்டாப்புக்குப் பின்னாடி உங்க அத்த வீடு. அவளுக்கு வியாழக்கிழமதான் லீவு. வண்டி ஓட்டுன காலத்துல அங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு உண்டு. சீக்கிரம் போனா ஒரு டீ குடிக்க நேரம் கெடைக்கும், அவ்ளோதான். உங்கம்மாவுக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

அத்தையை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், யார் வீட்டுக் கல்யாணத்திலோ. நீளமான விரல்கள், கையில் ஒரு வாட்ச். அம்மா என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

"அவ உன்னப் பத்திக் கேப்பா. நீ கணக்குப் போட்ட பழைய டிக்கெட் எல்லாம் எடுத்துட்டுப் போய்க் காட்டுவேன்."

கண்டக்டர் மாமா தரும் மீந்த டிக்கெட் கட்டுகள். அவற்றின் பின்பக்கத்தில்தான் நான் பெருக்கல் பழகினேன். எங்கேதான் காணாமல் போகின்றன என்று வீடெல்லாம் தேடியிருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

மேடத்தின் நண்பர் சம்மதித்துவிட்டார். இனி அங்கே மேகம் இல்லாமல் இருக்க வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

அம்மாவே கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, துணி காய்ந்ததா என்று சுற்றி வந்தாள். நான் காத்திருந்தேன்.

"உங்கப்பா சொல்லியிருப்பாரே."

"ம்."

"நான் கல்யாணம் ஆகி வந்தப்ப எனக்கு மணி பாக்கத் தெரியாதுடி. எங்க வீட்ல கடிகாரமே கெடையாது. உங்கத்த பத்தாவது பாஸ், டைப்பிங் வேற. ஒருநாள் வீடு நெறய ஆளுங்க. எல்லாருக்கும் முன்னாடி, 'அண்ணி, மணி என்ன'ன்னு கேட்டா. தெரிஞ்சுக்கிட்டே கேட்டா. நான் முழிச்சேன். சிரிச்சா. எல்லாருந்தான் சிரிச்சாங்க. ஆனா ஆரம்பிச்சது அவ."

கூட்டத்தில் நின்ற என் முகம் எனக்கே தெரிந்தது. யாரோட வருஷம்? யாரும் சிரிக்கவில்லை, இருந்தும் இன்னும் எரிகிறது. அம்மாவுக்குச் சிரித்தே விட்டார்கள்.

"அப்புறம் உங்கப்பாதான் கத்துக் குடுத்தாரு, மூணு நாள்ல. அன்னைக்குப் பிடிச்சேன் அந்தக் கடிகாரத்த. கத்துக்கிட்டதால என்ன ஆச்சு? அவர் வியாழக்கிழமைல லேட்டா வர்றது தெரிஞ்சுது." கொஞ்சம் சிரித்தாள். "தெரியாமலே இருந்திருக்கலாம்."

"ஏம்மா கேக்கல அவர?"

"கேட்டா போறத நிறுத்திடுவாரு. கூடப்பொறந்தவ இல்லையா? போகட்டும்னு விட்டேன். ஆனா என் வாசல் ஏறக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

எத்தனை வருடம். ஜன்னல் இருளும், அவள் அடுப்படியிலிருந்து நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள், மறுபடி குனிந்துகொள்வாள். நானும் அதே அறையில்தான் தரையில் கிடந்தேன். அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்றுதான். அங்கே இரவு, எனக்குக் காலை. மேடத்தின் நண்பரிடமிருந்து முதல் செய்தி: மேகம். இரண்டாவது செய்தி: இன்னும் மேகம். அவசரம் அண்ணன் எனக்கு டீ வாங்கி வந்து, தானே குடித்துவிட்டு, காலிக் குவளையை என் மேசையில் வைத்தார். அவருக்கும் பதற்றம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மதியத்துக்குள், விலகுகிறது என்று ஒரு வரி. அளவுகளை நாளைக்கு அனுப்புவார்களாம்.

இந்த நாற்காலியில் இன்னும் எத்தனை நாள்? இழுத்தால் சிணுங்கும் மேசை டிராயர். நான் வருவதற்கு முன்னாலேயே யாரோ சுவரில் ஒட்டிவிட்டுப் போன நிலாப் படம், ஒரு மூலை உரிந்தது. போகும் முன்பே எல்லாம் பழைய நாள்போல் தெரிகிறது.

மார்ச் 28, வெள்ளி

கடப்பின் தொடக்கத்தை மேகம் தின்றுவிட்டது. அடிப்பள்ளமும் முடிவும் கிடைத்தன. அது போதும். நேரத்தை எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டேன். எழுத்தில் பதில் வந்த பிறகுதான் தொட்டேன். ஒருமுறை மட்டும் திருத்தினேன். அவசரம் அண்ணன் தனியாகப் போட்டுப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே விடை.

தாமதம். ஆறு நிமிடமில்லை, நாலு.

மேடம் நின்றுகொண்டே பார்த்தார். "இருக்கு" என்றார். "நீ சொன்ன அளவுக்குக் கனம் இல்ல. ஆனா இருக்கு." பிறகு, "கணக்க மறுபடி போடு. கட்டுரைய எழுத ஆரம்பி. லெட்டர நான் இன்னைக்கே குடுத்துடறேன்."

நன்றி என்று சொன்னேனா? ஞாபகமில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போன் செய்தேன்.

"கெடச்சிருச்சாடி அது?"

"இருக்கும்மா."

"பாத்தியா? எப்படி இருக்கு?"

"பாக்க முடியாதும்மா. எப்பவுமே முடியாதுன்னு நெனைக்கிறேன். இழுக்குதுன்னு மட்டுந்தான் தெரியும். நாங்க நெனச்ச அளவுக்குப் பெருசில்ல."

அம்மா அடுத்துக் கேட்டது என்னிடம் இல்லை, பக்கத்தில் இருந்த அப்பாவிடம். குரல் தூரமாகக் கேட்டது.

"அவ இன்னும் அந்தக் கடைசி ஸ்டாப்புலதான் இருக்காளா?"

மார்ச் 31, திங்கள்

கல்லூரிக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். அம்மா திட்டவில்லை. "நடந்தே போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மே 18, ஞாயிறு

வீட்டிலிருந்து எழுதுகிறேன். கட்டுரையை அனுப்பிவிட்டு வந்தேன். முன்னறைத் தரையில்தான் படுத்திருக்கிறேன். இப்போது கால் சுவரில் இடிக்கிறது. அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து அந்தத் தடத்தை வேறொருவர் ஓட்டுகிறார். ஜன்னல் இருளும், ஹாரன் கேட்காது. கேட்காது என்று தெரிந்தும் காது ஒருமுறை காத்திருக்கிறது.

அத்தை வருகிறாள் என்று இன்று காலையிலிருந்து அம்மா வீட்டை இரண்டு முறை பெருக்கினாள். ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தின் கண்ணாடியைத் துடைத்தாள், முள்ளைத் தொடவில்லை. இருக்கிற தட்டுகளில் நசுங்காததைத் தேடி எடுத்து வைத்தாள். அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில், பள்ளிக்கூடத்து வாசலில் விட்ட பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

"அவளுக்கு என்ன, வாட்ச் கட்டினவ. நேரத்துக்கு வரட்டும் பாப்போம்" என்றாள் அம்மா.

பிறகு அறை இருண்டது. ஒரு கணம் அம்மாவின் முகம் தெரியவில்லை. வெளுத்தபோது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேட்டு."

"கடிகாரந்தாம்மா வேகம். பஸ் சரியாத்தான் வந்திருக்கு."

"தெரியும்டி" என்றாள். அவள் கால் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியிலிருந்து எழுவதற்குள், அம்மா தெருவில் இறங்கி ஸ்டாப்பை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.